புட்டிக்குள் நத்தை!

"பெட்டியைச் செய்தவன் எவனோ! பெயரை ஒட்டியவன் எவனோ! விற்றது மட்டுந்தானே நான்? என்னை ஏன் அண்ணே கூண்டில் ஏற்றப் பார்க்கிறார்கள்?"

கேட்டவர் நமது நண்பர். மின்சாமான் கடை வைத்திருப்பவர். கடை என்றதும் கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் எண்ணிவிட வேண்டாம். பத்தடி அகலம், ஒரு மேசை, ஒரு நாற்காலி. காலையில் கதவைத் திறப்பவரும் அவரே, கணக்கு எழுதுபவரும் அவரே, இரவில் பூட்டுபவரும் அவரே. அவரிடம் துணி தேய்க்கும் தொழிலாளி ஒருவர் மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கினார். பத்தாம் நாள், பிடியருகே ஒயர் உருகி, மின்சாரம் பாய்ந்து, தொழிலாளியின் உள்ளங்கை வெந்துவிட்டது. தேய்த்துப் பிழைப்பவருக்குக் கைதானே மூலதனம்? மூலதனமே வெந்துபோனால் அடுப்பு எப்படி எரியும்?

தொழிலாளி கேட்கிறார்: "என் கைக்கு யார் பதில் சொல்வது?"

கடைக்காரர் கேட்கிறார்: "நான் செய்யாததற்கு நான் ஏன் பதில் சொல்வது?"

இழந்தவரும் எளியவர். இழக்கப் போகிறவரும் எளியவர். நடுவிலே இலாபம் பார்த்தவன் முகம் மட்டும் இருவருக்கும் தெரியவில்லை! யார் பக்கம் நியாயம், தோழர்களே? அதைச் சொல்லுமுன் ஒரு நத்தையின் கதையைச் சொல்லியாக வேண்டும். கட்டுக்கதையல்ல, வழக்கு மன்ற ஏட்டிலே இருப்பது.

ஸ்காட்லாந்து நாட்டிலே பெய்ஸ்லி என்றோர் ஊர். 1928-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26. ஞாயிற்றுக்கிழமை மாலை. கிளாஸ்கோ நகரில் கடையொன்றில் வேலை பார்த்து வயிறு வளர்த்த மே டோனஹியூ என்ற பெண்மணி, தோழியோடு பெய்ஸ்லியில் ஒரு சிற்றுண்டிச் சாலைக்குச் சென்றார். தோழி காசு கொடுத்தார். டோனஹியூவுக்கு ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் வந்தன. பீர் என்றதும் மயக்கும் மதுவென்று எண்ணிவிடாதீர்கள். அது இஞ்சிச் சுவை கொண்ட பானம், நம் ஊர் சோடா, கலர் போல. புட்டி பழுப்பு நிறம். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கடைக்காரர் மூடியைத் திறந்து கொஞ்சம் ஊற்றினார். அம்மையார் பருகினார். மிச்சத்தைத் தோழி ஊற்றியபோது, அழுகிப்போன நத்தை ஒன்று மிதந்து வந்தது என்பது வழக்கு. அம்மையாருக்கு வயிற்றுவலி, மருத்துவர், பிறகு மருத்துவமனை.

நட்டஈடு கேட்கலாமென்று எண்ணினார். யாரிடம் கேட்பது?

கடைக்காரரிடமா? அவரோடு ஒப்பந்தம் செய்து கொண்டவர் தோழி. காசு கொடுத்தவர் தோழி. குடித்தவர் மட்டுந்தான் இவர். மேலும், மூடி முத்திரையிட்டு வந்த புட்டிக்குள் கடைக்காரர் எப்படி எட்டிப் பார்ப்பார்?

செய்தவரிடமா? புட்டியின் மேல் ஸ்டீவன்சன் என்ற பெயர் இருந்தது. ஆனால் செய்தவருக்கும் குடித்தவருக்கும் இடையே ஒப்பந்தம் ஏது? ஒப்பந்தம் இல்லையேல் உரிமை இல்லை — இது அன்றைய சட்டம். அது எப்படிப்பட்ட சட்டம் என்பதற்கு இன்னொரு சம்பவம் பாருங்கள். இங்கிலாந்திலே தபால் கோச்சு வண்டி ஓட்டிய ஒரு தொழிலாளி. வண்டி உடைந்து விழுந்தது. அவர் முடமானார். வண்டியைப் பழுதின்றி வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டவர்மீது வழக்குப் போட்டார். 1842-இல் தீர்ப்பு வந்தது: 'வண்டிக்காரர் தபால் துறைத் தலைவரோடுதான் ஒப்பந்தம் செய்தார், உன்னோடு செய்யவில்லை, போய் வா!' உடைந்தது ஒப்பந்தமா, அவருடைய காலா? காலைப் பற்றிக் கேட்கச் சட்டத்துக்கு அன்று காது இல்லை.

அந்தச் செவிட்டுச் சட்டத்தின் முன்புதான் டோனஹியூ அம்மையார் நின்றார். அவர் கேட்டது 500 பவுன். அவரிடம் இருந்ததோ? உலகில் தமக்குள்ள அனைத்தையும் கூட்டினாலும் ஐந்து பவுன் தேறாது என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காளியாகத் தம்மை ஏற்குமாறு பிரபுக்கள் சபையை வேண்டினார். ஏற்கப்பட்டார். அவருடைய வழக்கறிஞர் வால்டர் லீச்மன், இஞ்சிப் பானப் புட்டிக்குள் எலி கிடந்தது என்ற வழக்கில் அதற்கு முன்புதான் தோற்றவர். தோற்றவர் தொழிலை விட்டுவிடவில்லை. மறுபடியும் மல்லுக்கு நின்றார். கீழ் மன்றத்தில் வெற்றி. மேல் மன்றத்தில் தோல்வி. முடிவாக, 1932-ஆம் ஆண்டு மே 26-இல், பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரில் மூவர் அம்மையார் பக்கம் நின்றனர். மூன்றுக்கு இரண்டு! ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் அந்த வழக்கு அன்றே புதைக்கப்பட்டிருக்கும்.

ஆட்கின் பிரபு அன்று கேட்ட கேள்வி உலகைச் சுற்றி வந்தது. சட்டத்தின் கண்ணில் அண்டை அயலார் யார்? அடுத்த வீட்டுக்காரர் மட்டுமா? நம் செயலால் நேராகப் பாதிக்கப்படக் கூடியவர் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவர் எவரோ, அவரே அண்டையார். புட்டியை மூடி அனுப்புகிறவருக்கு, எங்கோ ஓர் ஊரில் அதைத் திறந்து குடிக்கப் போகிற முகந்தெரியாத பெண்ணும் அண்டையார்தான்! ஒப்பந்தம் என்ற மதிலை அந்த ஒரு கருத்து தகர்த்தது.

நத்தை உண்மையிலேயே இருந்ததா? அது கடைசிவரை மெய்ப்பிக்கப்படவே இல்லை! இருந்தால் பொறுப்பு உண்டா என்பதற்குத்தான் தீர்ப்பு. விசாரணைக்கு முன்பே ஸ்டீவன்சன் இறந்து போனார். 200 பவுனில் வழக்கு முடிந்தது. அம்மையாருக்குக் கிடைத்தது 200 பவுன். அவர் வாங்கித் தந்ததோ, உண்பவர், உடுப்பவர், ஓட்டுபவர் அனைவருக்கும் உரிமை.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இதே எண்ணம் முன்பே முளைவிட்டிருந்தது. 1916-இல் நியூயார்க் உயர் மன்றம், பியூக் மோட்டார் வழக்கிலே, நீதிபதி கார்டோசோவின் வாயிலாக ஒரு தீர்ப்புச் சொன்னது. மரச்சக்கரம் நொறுங்கி, காரோட்டியவர் காயமடைந்தார். சக்கரத்தை நாங்கள் செய்யவில்லை, வேறொருவரிடம் வாங்கினோம் என்றது கார் நிறுவனம். வாங்கிப் பொருத்தியவர் நீங்கள். சோதித்துப் பார்த்திருந்தால் குறை தெரிந்திருக்கும். ஆகவே பொறுப்பு உங்களுடையது என்றது மன்றம். 1963-இல் கலிபோர்னியா உச்ச மன்றம் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. மனைவி பரிசாக வாங்கித் தந்த மரவேலை இயந்திரத்தில் வேலை செய்த கணவரின் நெற்றியில் மரத்துண்டு தெறித்து அடித்தது. அங்கே மன்றம் சொன்னது: குறையுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பி, அதனால் ஒருவர் காயப்பட்டால், கவனக் குறைவை நிரூபி என்று காயம்பட்டவரைக் கேட்க வேண்டியதில்லை, செய்தவர் பொறுப்பே.

சரி, சீமை நத்தைக்கும் நம் நண்பரின் பெட்டிக்கும் என்ன தொடர்பு? தொடர்பு இருக்கிறது, தோழர்களே. நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம்.

முதலாவது, 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். வெள்ளையர் காலத்துச் சட்டமே எனினும் இன்றும் உயிரோடிருக்கிறது. வாங்குபவரே விழிப்பாயிரு என்பதுதான் அதன் பழைய பல்லவி. ஆனால் அந்தப் பல்லவிக்கு விலக்குகள் உண்டு. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி, அந்தச் சரக்கையே விற்பவரிடம் ஒருவர் வாங்கினால், அந்த வேலைக்கு அது ஏற்றதாயிருக்க வேண்டும். இது எழுதாத நிபந்தனை. விளக்கம் சொல்லிக் கேட்டு வாங்கும் சரக்கு, விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும்; இதுவும் எழுதாத நிபந்தனை.

நிபந்தனை வேறு, உத்தரவாதம் வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாறுபவர் பலர். இட்லிக் கடைக்குக் கிரைண்டர் வாங்குகிறீர்கள். கல் சுற்றவே இல்லை, இது ஒப்பந்தத்தின் வேரையே அறுக்கும் குறை, நிபந்தனை மீறல், பொருளை வேண்டாமென்று தள்ளலாம். கல் சுற்றுகிறது, மாவு அரைகிறது, சொன்ன நிறம் மட்டும் மங்கிப்போயிற்று, இது துணையான வாக்குறுதி, உத்தரவாத மீறல், நட்டஈடு கேட்கலாம், பொருளைத் தள்ள முடியாது. கியாரண்டி அட்டையில் எழுதியிருப்பது மட்டுந்தான் உரிமை என்று எண்ணுகிறோமே, அது தவறு! அட்டை இல்லாவிட்டாலும் சட்டம் தரும் உரிமை உண்டு. ஆனால் எச்சரிக்கை: எழுதாத இந்த நிபந்தனையை, எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தால் விலக்கி வைக்கவும் இதே சட்டம் இடந்தருகிறது. ஆகவே சிறிய பட்டறைக்காரர், பெரிய நிறுவனத்தின் ஆர்டர் தாளில் கையெழுத்திடுமுன், பொடி எழுத்தையும் படித்தாக வேண்டும். பெரிய எழுத்தில் இருப்பது வணக்கம். பொடி எழுத்தில் இருப்பதுதான் விலங்கு!

இரண்டாவது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத ஓர் அதிகாரம் இதிலே இருக்கிறது: பொருளுக்கான பொறுப்பு. டோனஹியூ அம்மையார் வாதாடிப் பெற்றதை இங்கே எழுத்திலேயே வடித்து வைத்திருக்கிறார்கள். செய்முறையில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன அளவிலிருந்து மாறுதல், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறுபாடு, பயன்படுத்தும் முறையையோ ஆபத்தையோ சொல்லாமல் விடுதல் — இவற்றால் தீங்கு வந்தால் செய்தவர் பொறுப்பு. உத்தரவாதம் கொடுத்ததிலே கவனக் குறைவும் இல்லை, வஞ்சகமும் இல்லை என்று மெய்ப்பித்தாலும் அவர் தப்ப முடியாது.

செய்தவர் கதை அது. நம் நண்பரைப் போல் விற்பவர் கதை? அவரை எல்லாக் குற்றத்துக்கும் சட்டம் இழுக்கவில்லை. சில வாசல்கள் வழியாகத்தான் பொறுப்பு அவரிடம் வருகிறது. பொருளைச் சோதிப்பதிலோ, கட்டுவதிலோ, பெயர் ஒட்டுவதிலோ அவருக்குப் பெரும் பங்கு இருந்தால். பொருளை அவர் மாற்றியமைத்து, அதனாலேயே தீங்கு வந்தால். செய்தவர் சொல்லாத உத்தரவாதத்தை இவராகச் சொல்லியிருந்தால். பூட்டுவதிலும் பார்வையிடுவதிலும் பராமரிப்பதிலும் உரிய கவனம் காட்டாவிட்டால். செய்தவர் தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காவிட்டால். கடைசியாக ஒரு வாசல்: செய்தவர் யார் என்றே தெரியாவிட்டால், அல்லது தெரிந்தும் அவருக்கு நோட்டீசு சேர்ப்பிக்க முடியாவிட்டால்!

அந்தக் கடைசி வாசலில்தான் நம் நண்பர் சிக்கினார்.

"பெட்டி எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டோம்.

"வண்டியிலே கொண்டு வந்தார்கள் அண்ணே. விலை குறைவு."

"பில்?"

மௌனம்.

"மேலே போட்டிருந்த பெயர்?"

"அந்தப் பெயரில் கம்பெனியே இல்லையாம்."

"ஐ.எஸ்.ஐ. முத்திரை?"

மறுபடியும் மௌனம். மின்சார இஸ்திரிப் பெட்டியை அந்த முத்திரையின்றி விற்கவே கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

விலை குறைவென்று வாங்கினாரே, அங்கே அவர் பெட்டியை மட்டுமா வாங்கினார்? முகமூடி போட்டவனின் பொறுப்பையும் சேர்த்து வாங்கினார்! பில் கேட்டிருந்தால் பெயர் கிடைத்திருக்கும். பெயர் கிடைத்திருந்தால், "இதோ செய்தவர், இவரைக் கேளுங்கள்" என்று கை நீட்டியிருக்கலாம். அதுமட்டுமா? தொழிலாளி எப்படி நண்பரிடம் வாங்கினாரோ, அப்படியே நண்பரும் மொத்த வியாபாரியிடம் வாங்கியவர்தானே? 1930-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமக்கு வந்த நட்டத்தை மேலே இருப்பவரிடம் கேட்டு வழக்காடலாம். மொத்த வியாபாரி தமக்கு மேலே இருப்பவரிடம் கேட்கலாம். பில் என்பது வெறுந்தாள் அல்ல, சங்கிலியின் கண்ணி. ஒரு கண்ணி அறுந்தால், சங்கிலியின் முழுப் பாரமும் கடைசியில் நிற்கும் எளியவன் தலையில்!

பில் கொடுக்காமல் விற்பதும், குறையுள்ள சரக்கைத் திருப்பி வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். பில்லில் காலக்கெடு குறித்திருந்தால் அதற்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டாது' என்று சுவரில் பலகை மாட்டியிருக்கிறார்களே, குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அந்தப் பலகை ஆணிக்குத்தான் பாரம். சட்டத்தை அது தடுக்காது.

சரி, தொழிலாளி நுகர்வோர்தானா? தொழிலுக்கு வாங்கினாரே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மறுவிற்பனைக்கும் வணிக நோக்கத்துக்கும் வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்கிறது சட்டம். ஆனால் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை அது விலக்கவில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கிலே இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. கோவையிலிருந்து இயந்திரம் வாங்கிய சிறுதொழில் நிறுவனம் அது. தாமதமாக வந்தது, குறையோடு வந்தது என்பது புகார். வணிகத்துக்கு வாங்கியது, ஆகவே நீ நுகர்வோர் அல்ல என்றது தீர்ப்பு. அதே தீர்ப்பில், ஆட்டோவோ லேத்தோ வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போய்விடாது என்றும் சொல்லப்பட்டது. ஆள் வைத்து ஓட்டிவிட்டுத் தாம் மேற்பார்வை பார்ப்பவருக்கோ அந்த வாசல் மூடியது.

பாருங்கள் வேடிக்கையை! லேத்தைத் தாமே ஓட்டும்வரை நுகர்வோர் மன்றம் உண்டு; 5 இலட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். கொஞ்சம் வளர்ந்து, நான்கு பேருக்கு வேலை கொடுத்தால், அதே குறையுள்ள லேத்துக்காகச் சிவில் கோர்ட்டுப் படியேற வேண்டும். நாலு பேருக்குச் சோறு போட்டதற்கு இதுவா பரிசு? இலட்சாதிபதியின் ஆலையையும், தகரக் கொட்டகையில் நடக்கும் பட்டறையையும் ஒரே தட்டில் வைப்பது நிறுவையா? சிறுதொழிலின் இந்தக் குறையைச் சட்டம் செய்வோர் கவனிக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

இன்னொன்றும் உழைப்பவர் கண்ணில் பட வேண்டும். வேலைத்தளத்துக்கு முதலாளி வாங்கிய இயந்திரம். ஆபத்து இன்னதென்ற எச்சரிக்கையை முதலாளியிடம் கொடுத்துவிட்டார் செய்தவர். அதற்குமேல், எச்சரிக்கவில்லை என்று செய்தவரைக் குறைகூற முடியாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. எச்சரிக்கை முதலாளியின் அலமாரியில் உறங்குகிறது! இயந்திரத்தின் முன் நிற்பவரோ விரலைப் பணயம் வைத்து நிற்கிறார். ஆகவே கேளுங்கள், தோழர்களே. இயந்திரத்தோடு வந்த புத்தகம் எங்கே என்று கேளுங்கள். தமிழிலே எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் வாயிலாகக் கேளுங்கள். அது சலுகை கேட்பதல்ல, விரலைக் காப்பது.

பட்டறை வைத்திருக்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். எந்த நாள் செய்தது, யாரிடம் வாங்கிய மோட்டார், யார் சோதித்தார் என்று ஒரு நோட்டிலாவது குறித்து வையுங்கள். பிறர் செய்த உறுப்பைப் பொருத்தினாலும், பொருத்தியவரைக் கேட்பார்கள்; பியூக் சக்கரத்தை மறவாதீர்கள். ஆபத்தைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வியாபாரம் ஆக வேண்டுமென்பதற்காக "ஆயுளுக்கும் கியாரண்டி" என்று வாயால் அள்ளி வீசாதீர்கள். காற்றிலே போன சொல் என்று எண்ணுவீர்கள். அது கூண்டிலே வந்து எதிரே நிற்கும்.

இவ்வளவும் நண்பரிடம் சொன்னோம். வெகுநேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு கேட்டார்: "அப்படியானால் நான் குற்றவாளியா அண்ணே?"

"உங்களை ஏமாற்றியவன் பெருங்குற்றவாளி. ஆனால் வெந்த கை உங்கள் கடைப் பெட்டியால் வெந்தது. மூடிய புட்டியைத் திறந்த பெய்ஸ்லிக் கடைக்காரருக்கு உள்ளே பார்க்க வழியில்லை. உங்களுக்கு வழி இருந்தது. முத்திரையைப் பார்த்திருக்கலாம், பில்லைக் கேட்டிருக்கலாம்."

மறுநாள் மாலை அவர் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டார். தொழிலாளி வீட்டுக்குப் போனாராம். மருத்துவச் செலவைத் தருவதாகச் சொன்னாராம். கை ஆறும்வரை குடும்பத்துக்கு என்ன செய்வது என்றும் பேசினார்களாம். முத்திரையுள்ள புதுப் பெட்டி ஒன்றையும் கொண்டு போயிருந்தார், அதற்குரிய பில்லோடு! மீதியிருந்த பெயரில்லாப் பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார். கணக்குப் பார்த்தால் அவருக்கு நட்டந்தான். ஆனால் இன்னொரு கை வேகாமல் தடுத்தாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஐந்து பவுன் கூடத் தேறாத ஒரு பெண், புட்டி முதலாளிகளை நோக்கிக் கேட்ட கேள்விதான் இது: கண்ணில் படாதவனுக்கும் நீ கடமைப்பட்டவன் அல்லவா? செய்பவர் கேட்டுக்கொள்ளட்டும். விற்பவர் கேட்டுக்கொள்ளட்டும். வாங்குபவர், கை நீட்டிப் பில்லைக் கேட்டு வாங்கட்டும்.